ஏழு பேருக்கு ஒரு பழைய வண்டி

ஐந்து பேர் அமரும் காரில் ஆறாவது ஆளாக அப்பத்தாவை எங்கே உட்கார வைப்பது என்ற கேள்வியில்தான் பல வீடுகளில் பெரிய வண்டிக்கான தேடல் தொடங்குகிறது. குலதெய்வக் கோயில், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், பழனிப் பயணம், நள்ளிரவில் திடீரென்று ஒரு மருத்துவமனை ஓட்டம் என எதற்கும் வீடு முழுவதும் ஒரே வண்டியில் போக வேண்டியிருக்கிறது. புது எஸ்.யூ.வி.யின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பும் குடும்பம் அடுத்துப் போய் நிற்கும் இடம் செகண்ட் ஹேண்ட் சந்தை. சென்னையில் கார் டீலர், கொங்குப் பக்கம் ஆட்டோ கன்சல்டிங், சிற்றூர்களில் புரோக்கர் என்று அதற்குப் பல பெயர்கள்.

புது வண்டியின் விலையில் பெரும்பங்கு வரி. நான்கு மீட்டருக்கு மேல் நீளம், 1500 சி.சி.க்கு மேல் எஞ்சின், 170 மி.மீ.க்குக் குறையாத தரை இடைவெளி ஆகிய மூன்றும் உள்ள எஸ்.யூ.வி.க்கு ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸும் சேர்ந்து 50 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் செஸ் நீங்கி 40 சதவீதமாகக் குறைந்தது. அதன் மேல் மாநில ஆயுள் வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள கார்களுக்கு 18 சதவீதம், அதற்கும் மேற்பட்டவற்றுக்கு 20 சதவீதம். தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பழைய வண்டிக்கு இந்த ஆயுள் வரியை முதல் உரிமையாளரே கட்டி முடித்திருப்பார். பழைய வண்டி வாங்குவதில் உள்ள நிஜமான ஆதாயம் இதுதான். விலை மலிவாகத் தெரியும் வெளிமாநில வண்டியில் இந்த ஆதாயம் கிடையாது.

எதை எஸ்.யூ.வி. என்பது என்பதில் சந்தைக்கும் அகராதிக்கும் ஒத்துப்போவதில்லை. டொயோட்டா இன்னோவா கட்டமைப்பால் எம்.பி.வி. வகை, ஆனால் பெரிய வண்டி தேடுகிற குடும்பம் ஸ்கார்ப்பியோ, எக்ஸ்.யூ.வி. 500 ஆகியவற்றோடு இன்னோவாவையும் ஒரே பட்டியலில்தான் வைக்கிறது. அது சரியான வழக்கமும்கூட. குடும்பத்துக்குத் தேவை ஏழு பேருக்கான இடம். வகைப் பெயர் பின்னால் வரட்டும்.

வகையைவிட முக்கியம் வண்டியின் எலும்புக்கூடு. ஸ்கார்ப்பியோ, பொலேரோ, ஃபார்ச்சூனர், ஃபோர்டு எண்டெவர், 2005இல் வந்த இன்னோவா, 2016இல் வந்த இன்னோவா கிரிஸ்டா எல்லாம் லேடர் ஃபிரேம் வண்டிகள். ஏணி போன்ற இரும்புச் சட்டத்தின் மேல் பாடி தனியாக உட்கார்ந்திருக்கும். மேடு பள்ளத்தையும் பாரத்தையும் நன்றாகத் தாங்கும்; பாடியில் அடி பட்டாலும் பிரித்துச் சரிசெய்துவிடலாம். எக்ஸ்.யூ.வி. 500, ஹூண்டாய் கிரெட்டா, ரெனோ டஸ்டர் போன்றவை மோனோகாக். பாடியும் சட்டமும் ஒன்றேயான கூடு. நெடுஞ்சாலையில் ஆட்டம் குறைவு, வளைவில் நிதானம் அதிகம். ஆனால் கூட்டின் தூண்களில் ஒருமுறை பலத்த அடி விழுந்துவிட்டால் பழைய உறுதி திரும்பி வருவது கடினம். ஆகவே லேடர் ஃபிரேம் வண்டியில் முதலில் அடியில் குனிந்து சட்டத்தையும், மோனோகாக் வண்டியில் முதலில் கதவைத் திறந்து தூண்களையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வரிசை

வண்டி பார்க்கப் போகும்போது பெரும்பாலும் வீட்டு ஆண்கள் இருவரும் ஒரு மெக்கானிக்கும் போகிறார்கள். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, எஞ்சினை முடுக்கி, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். வண்டியை எதற்காக வாங்குகிறார்களோ அந்த மூன்றாவது வரிசையில் யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. இந்தக் கொள்முதலில் நடக்கும் பெரிய பிழை இதுவே என்று சொல்லலாம்.

அப்பத்தாவையே அழைத்துப் போவது நல்லது. தரையிலிருந்து படி எவ்வளவு உயரம், கைப்பிடி எட்டுகிறதா, சேலையோடு ஏற முடிகிறதா என்பதை அவர் ஏறி இறங்கினால்தான் தெரியும். நடுவரிசை இருக்கையை மடக்கிக் கடைசி வரிசைக்குப் போகும் வழி, பத்து வயதுப் பையனுக்குச் சுலபம். மூட்டு வலி உள்ளவருக்கு மலையேற்றம். பல வண்டிகளில் கடைசி இருக்கை தரையோடு ஒட்டி இருப்பதால் உட்கார்ந்தவரின் முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிடும். பதினைந்து நிமிடத்துக்கு அது பெரிதாகத் தெரியாது. சென்னையிலிருந்து மதுரை போய்ச் சேர்வதற்குள் தெரிந்துவிடும். நடுவில் தனித்தனி கேப்டன் சீட் உள்ள வண்டியில் பின்னால் போவது எளிது, ஆனால் ஒரு ஆள் குறையும்.

கடைசி வரிசையை நிமிர்த்திய பிறகு டிக்கியில் எத்தனை பை வைக்கலாம் என்பதையும் அங்கேயே பார்த்துவிட வேண்டும். ஏழு பேர் ஏறினால் ஏழு பேரின் மூட்டை முடிச்சும் ஏறும். ஏ.சி. சோதனையும் ஏழு பேரோடு, உச்சி வெயிலில்தான் நடக்க வேண்டும். காலையில் இரண்டு பேர் உட்கார்ந்து பார்த்தால் எந்த ஏ.சி.யும் குளிரத்தான் செய்யும்.

பாதுகாப்பில் வண்டியின் பிறந்த ஆண்டு நிறையப் பேசும். இந்தியாவில் விற்கும் கார்களுக்கு ஏ.பி.எஸ். 2019 ஏப்ரல் முதலும், ஓட்டுநருக்கான ஏர்பேக் அதே ஆண்டு ஜூலை முதலும், பக்கத்து இருக்கைக்கான ஏர்பேக் 2022 தொடக்கத்திலிருந்தும் கட்டாயம். அதற்கு முந்தைய வண்டிகளில் விலை குறைந்த வேரியன்ட் என்றால் இவை இல்லாமலே இருக்கலாம். 2016இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஏர்பேக் இல்லாத ஸ்கார்ப்பியோ ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. அதே பெயரின் வாரிசான ஸ்கார்ப்பியோ என் 2022இல் ஐந்து நட்சத்திரம் பெற்றது. இடையில் ஆறே ஆண்டுகள். பெயரைப் பார்த்து வாங்குவது போதாது. எந்த ஆண்டு, எந்த வேரியன்ட் என்று பார்த்தாக வேண்டும். பழைய வண்டிகள் சிலவற்றில் கடைசி இருக்கை பக்கவாட்டில், எதிரெதிராக இருக்கும். அதில் முறையான பெல்ட்டோ தலை தாங்கியோ கிடையாது. குழந்தைகள் ஆசைப்பட்டு ஏறும் இடமும் அதுதான். பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் பயணித்தால் ஓட்டுபவருக்கு 1,000 ரூபாய் அபராதம் என்று 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. அபராதத்தை விடுங்கள், பின்னாலிருந்து ஒரு லாரி மோதினால் அந்த இருக்கைக்கும் லாரிக்கும் நடுவே இருப்பது ஒரு தகரக் கதவு மட்டுமே. இந்த வகை இருக்கை உள்ள வண்டியைக் குடும்பத்துக்கு எடுக்காமல் இருப்பதே மேல்.

தண்ணீர் குடித்த வண்டி

2015 டிசம்பரில் சென்னையையும், 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின்போது மீண்டும் சென்னையையும், அதே மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளையும் வெள்ளம் சூழ்ந்தது. மூழ்கிய வண்டிகள் எல்லாம் பழைய இரும்புக்குப் போய்விடவில்லை. கழுவி, காயவைத்து, சீட் கவர் மாற்றி, வேறு ஊருக்கு அனுப்பப்பட்டவையும் உண்டு. அப்படிப்பட்ட வண்டி ஓட்டிப் பார்க்கும் அன்று ஒழுங்காகவே ஓடும். ஒயரிங் இணைப்புகளுக்குள் புகுந்த ஈரம் பச்சைக் களிம்பாக மாறி, மாதங்கள் கழித்து ஒரு நாள் பவர் விண்டோவையும், இன்னொரு நாள் ஏர்பேக் விளக்கையும், கடைசியில் எஞ்சின் கன்ட்ரோல் யூனிட்டையும் முடக்கும்.

வெள்ளம் எவ்வளவு கழுவினாலும் சில இடங்களில் தன் கையெழுத்தை விட்டுவிட்டுத்தான் போகும். ஒரு நடுவரிசை சீட் பெல்ட்டைப் பிடித்து, நிற்கும் வரை முழுவதுமாக வெளியே இழுத்தால் போதும். தினமும் பயன்படும் மேல் பகுதி சுத்தமாக இருக்கும். சுருளுக்குள்ளேயே கிடந்த கடைசி ஒன்றரை அடியில் செம்மண் நிறத்தில் ஒரு கோடு இருந்தால் தண்ணீர் எதுவரை வந்தது என்பதை அது காட்டிக் கொடுக்கும். சீட்டைப் பொருத்திய தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு, ஸ்டெப்னி வைக்கும் குழியின் மூலையில் மெல்லிய வண்டல், டேஷ்போர்டுக்கு அடியில் கை விட்டுத் தடவினால் விரலில் ஒட்டும் தூசு மாதிரியான மண் ஆகியவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தாலும் பேரம் பேசாமல் கிளம்பிவிடலாம். உள்ளே தூக்கலான சென்ட் வாசனை அடித்தால் அது எந்த வாசனையை மறைக்கிறது என்று யோசிக்க வேண்டும்.

விபத்தின் தடயங்கள் வேறு. பானெட்டையும் முன்பக்க ஃபெண்டரையும் பிடித்திருக்கும் போல்ட் தலைகளைக் குனிந்து பார்த்தால், கழற்றாத போல்ட்டில் கம்பெனி பெயின்ட் உடையாமல் இருக்கும். ஸ்பேனர் பட்ட போல்ட்டில் மூலைகள் உரிந்து இரும்பு பளிச்சிடும். போல்ட் கழன்றாலே குற்றம் என்பதில்லை, ஃபெண்டர் மாற்றுவது சாதாரண வேலை. ஏன் கழற்றினார்கள் என்று கேட்டு, அதற்குரிய பில்லைப் பார்க்க வேண்டும். கதவுத் தூண்களிலும் கூரை விளிம்பிலும் பட்டி பூசிய தடயமோ வெல்டிங்கோ தெரிந்தால் விஷயம் வேறு. விரல் முட்டியால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போனால் தகரத்தின் ஒலி பட்டி பூசிய இடத்தில் அடங்கி, மொத்தையாகக் கேட்கும். கண்ணாடிகளின் மூலையில் தயாரிப்பாளர் பெயரும் ஆண்டுக் குறியும் அச்சாகியிருக்கும்; எல்லாக் கண்ணாடியும் ஒரே ஆண்டைச் சொல்லி, ஒன்று மட்டும் விலகினால் அந்தப் பக்கத்தை இரண்டாம் முறை பார்க்க வேண்டும். கடலோர ஊர்களில் ஓடிய லேடர் ஃபிரேம் வண்டியில் உப்புக்காற்றால் சட்டத்தில் ஏறிய துருவைப் புதுக் கறுப்பு பெயின்ட் மறைத்திருக்கலாம். அடிப்பாகம் மட்டும் புத்தம் புதிதாக மினுக்கினால் அது சந்தேகத்துக்குரிய அழகு.

மீட்டர் சொல்வதும் வண்டி சொல்வதும்

எட்டு வயதான டீசல் ஏழு சீட்டர். மீட்டரில் 42,000 கி.மீ. அப்படியானால் ஆண்டுக்கு 5,250, நாளைக்குப் பதினான்கு சொச்சம். நிறைய ஓட்டம் இருப்பவர்கள்தான் கூடுதல் விலை கொடுத்து டீசல் எடுப்பது வழக்கம். நாளைக்குப் பதினான்கு கிலோமீட்டர் ஓட்ட ஒருவர் அவ்வளவு பெரிய டீசல் வண்டி வாங்குவது அரிது. இருக்கலாம், ஆனால் அதற்குச் சாட்சி வேண்டும். டிஜிட்டல் மீட்டரைக் குறைப்பது இன்று பெரிய வித்தை இல்லை. குறைக்க முடியாதவை வேறு இடங்களில் இருக்கின்றன: அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரின் பதிவுகள், பழைய பில்கள், தேய்ந்து வழுவழுப்பான கிளட்ச் பெடல் ரப்பர், ஓட்டுநர் இருக்கையின் கதவோரம் அமுங்கிய பஞ்சு. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் தயாரானது. முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்கிற வண்டியில் நான்கு டயரும் வண்டியைவிட ஐந்தாண்டு இளையவை என்றால் கணக்கு இடிக்கிறது.

மஞ்சள் போர்டில் டாக்ஸியாக ஓடிப் பிறகு வெள்ளை போர்டுக்கு மாற்றப்பட்ட இன்னோவாக்களும் சந்தையில் உண்டு. மாற்றுவது சட்டப்படி சரிதான். அதை மறைத்து விற்பதுதான் தவறு. நன்றாகப் பராமரித்த டாக்ஸியின் எஞ்சின், மாதக்கணக்கில் கிளப்பாமல் போர்டிகோவில் நின்ற வண்டியைவிட நல்ல நிலையில் இருக்கவும் கூடும். ஆனால் அதன் விலை டாக்ஸியின் விலையாக இருக்க வேண்டும்.

எஞ்சினைப் பொறுத்தவரை ஒரே ஒரு நிபந்தனையில் உறுதியாக நிற்பது நல்லது: காலையில் முதல் ஸ்டார்ட் வாங்குபவர் கண் முன்னால் நடக்க வேண்டும். போய் நின்றதும் பானெட்டில் கை வைத்துப் பார்த்தால் சூடு இருக்கிறதா என்று தெரியும். முன்பே சூடேற்றி வைத்த டீசல் எஞ்சின் தன் நோயைக் காட்டாது. குளிர்ந்த நிலையில் கிளப்பும்போது தொடர்ந்து நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. நிற்காத வெள்ளைப் புகை இன்ஜெக்டரையோ கூலன்ட் கசிவையோ காட்டும். ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது அடர்ந்த கறுப்புப் புகை என்றால் காற்றும் டீசலும் கலக்கும் விகிதம் கெட்டிருக்கிறது. எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்ததும் புகை குபுகுபுவென்று மேலே தள்ளினால் மெக்கானிக்குகள் அதை ‘பேக் கம்ப்ரஷன்’ என்பார்கள். பெரும் செலவுக்கான முன்னறிவிப்பு அது. பழைய 2.5 லிட்டர் இன்னோவாவில் டைமிங் பெல்ட். அதை மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கிரிஸ்டாவின் 2.4 லிட்டரில் செயின் என்பதால் அந்தக் கவலை குறைவு.

2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் புகைத் துகள்களைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள அதற்கு நெடுஞ்சாலையில் தொடர் ஓட்டம் தேவை. பள்ளிக்கூடம், காய்கறிக் கடை என்று ஊருக்குள்ளேயே உருளும் குடும்பத்தில் அது அடிக்கடி அடைத்துக்கொள்ளும். மாற்றுவதென்றால் பெரிய தொகை. மாதம் ஒருமுறைகூட வெளியூர் போகாத வீட்டுக்குப் பெட்ரோல் வண்டியே பொருந்தும். அதிலும் 2023 ஏப்ரலுக்குப் பிந்தைய வண்டிகள் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும்படி செய்யப்பட்டவை என்பதைக் கணக்கில் வைக்கலாம்.

கம்பெனி இன்னும் இந்தியாவில் வண்டி விற்கிறதா என்பதும் ஒரு கேள்வி. மறைமலைநகரில் ஆலை வைத்திருந்த ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. எண்டெவர் திடமான வண்டி. அதன் மறுவிற்பனை விலை இறங்கியதும் உண்மை. பக்கத்து ஊரில் சர்வீஸ் சென்டரும் கைராசியான மெக்கானிக்கும் இருப்பவர் அதைத் துணிந்து எடுக்கலாம். இரண்டும் இல்லாதவருக்கு அந்த மலிவு நிலைக்காது.

காகிதம்

வண்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் எம்பரிவாகன் செயலியில் பதிவெண்ணைப் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். எத்தனையாவது உரிமையாளர், எஃப்.சி. எதுவரை, இன்சூரன்ஸ் இருக்கிறதா, கடன் நிலுவையா என்பது தெரிந்துவிடும். கட்டாமல் விட்ட அபராதங்களை இ-சலான் தளத்தில் பார்க்கலாம். ஆர்.சி.யில் உள்ள பதினேழு எழுத்து சேசிஸ் எண்ணை வண்டியில் பொறித்திருப்பதோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிட வேண்டும். ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் அதில் வரவே வராது. வந்திருந்தால் எண் திருத்தப்பட்டது. கடன் முடிந்திருந்தாலும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீக்கப்படாமல் இருப்பது சகஜம். வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35ம் கொடுத்து ‘ஹெச்.பி. கேன்சல்’ செய்யும் பொறுப்பை விற்பவரே முடித்துக் கொடுக்கட்டும்.

டெல்லி வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதிசெய்த பிறகு அங்கிருந்து பல வண்டிகள் மற்ற மாநிலங்களுக்கு நகர்ந்தன. அப்படி வரும் வண்டிக்கு அந்த மாநிலத்தின் என்.ஓ.சி. வேண்டும், இங்கே ஆயுள் வரியை வயதுக்கேற்பக் கட்டி, புதுப் பதிவெண் வாங்க வேண்டும். இந்தச் செலவைச் சேர்க்காமல் சொல்லும் விலை முழு விலை ஆகாது.

தனியார் வண்டியின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குத்தான். அதன் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனையோடு புதுப்பிக்க வேண்டும்; கார்களுக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்தது. பதிமூன்று வயது வண்டியை வாங்குபவர் இரண்டே ஆண்டில் அந்த வாசலில் நிற்பார்.

விலை பேசும்போது ஒப்பிட வேண்டியது அந்த வண்டி அன்று வாங்கப்பட்ட விலையை அல்ல. அதே வண்டி அல்லது அதன் வாரிசு இன்று விற்கும் விலையை. 2025 வரிக் குறைப்புக்குப் பிறகு புதுசின் விலை இறங்கியதால் பழசின் விலையும் இறங்கியாக வேண்டும். டீலரிடம் வாங்கினால் அவருடைய லாபத்தின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, இரண்டு தனிநபர்களுக்கு இடையே அது இல்லை. டயர், பேட்டரி, கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ், எல்லா ஆயிலும் மாற்றும் முதல் சர்வீஸ் ஆகியவற்றுக்கு மெக்கானிக் சொல்லும் தொகையை எழுதி, விற்பவர் முன்னாலேயே விலையிலிருந்து கழித்துக் காட்டுவது கூச்சப்பட வேண்டிய காரியமில்லை.

பெயர் மாற்றம்

பணம் கைமாறியதும் வண்டி சொந்தமாகிவிட்டது என்ற நினைப்பு ஆபத்தானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவுப்படி, மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29, படிவம் 30 ஆகியவை இதற்கானவை. இவற்றில் தேதி போடாமல் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, வண்டியை நான்கைந்து கை மாற்றிவிடும் வழக்கம் நீண்ட நாளாக இருக்கிறது. அப்படிப் பல கை மாறிய ஒரு வண்டி விபத்து செய்த வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எப்போதோ விற்றுவிட்ட மனிதரின் தலையில் அந்தத் தொகை விழுந்தது. ஆகவே பெயர் மாற்றத்துக்கு அவசரப்பட வேண்டியவர் வாங்குபவர் மட்டுமல்லர். 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி டீலர்களுக்கும் அங்கீகாரச் சான்று முறை வந்திருக்கிறது. அத்தகைய டீலரிடம் வண்டியை ஒப்படைத்ததைப் பதிவு செய்துவிட்டால் அடுத்த விற்பனை வரை பொறுப்பு அவருடையது. டீலரிடம் அந்தச் சான்றைக் கேட்டுப் பார்க்கலாம்.

வண்டி கை மாறும் நாளன்று தேதியோடு மணி, நிமிடமும் போட்டு டெலிவரி நோட் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். அந்த மணிக்கு முன் நடந்தவை பழையவர் பொறுப்பு, பின் நடப்பவை புதியவர் பொறுப்பு.

இன்சூரன்ஸில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மூன்றாம் நபருக்கான காப்பு வண்டியோடு தானாகவே வந்துவிடும். ஆனால் சொந்த வண்டிக்கான சேதக் காப்பு அப்படி வராது. பதினான்கு நாட்களுக்குள் விண்ணப்பித்து வாங்கியவர் பெயருக்கு மாற்றாவிட்டால், வண்டி எங்காவது மோதி நசுங்கினால் பைசா கிடைக்காது. நோ கிளெய்ம் போனஸ் என்ற தள்ளுபடி மனிதருக்கு உரியது, வண்டிக்கு அல்ல. 50 சதவீதம் வரை உயரக்கூடிய அந்தத் தள்ளுபடியைப் பழைய உரிமையாளர் தன் அடுத்த வண்டிக்குக் கொண்டுபோய்விடுவார். வித்தியாசத் தொகையை வாங்கியவர் கட்ட வேண்டும்.

பழைய உரிமையாளர் தன் ஃபாஸ்டேகை மூடித் தராவிட்டால் புதியவரின் பயணத்துக்கான சுங்கம் பழையவர் கணக்கிலிருந்து போகும். ஒரு வண்டிக்கு ஒரே ஃபாஸ்டேக் என்பதால் புதியதும் வேலை செய்யாது. இரண்டாவது சாவியையும் அன்றே கேட்டு வாங்கிவிட வேண்டும். பெயர் மாறிய ஆர்.சி. கைக்கு வந்ததும் பெயரின் எழுத்து, முகவரி, சேசிஸ் எண் மூன்றையும் சரிபார்த்து, வங்கியின் பெயர் இருந்த இடம் காலியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் வண்டி முழுமையாக வீட்டுக்கு வந்துவிட்டது.